டிரைவருக்கு டிக்கெட் உண்டா?

ஒரே ஒரு ஓட்டுல தோத்தேன் சார். தோத்தது பெருசில்லை. பதிவான ஓட்டே ஒண்ணுதான்.

சிரிக்கீங்க. சிரிங்க, பரவாயில்லை. நான் பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டுத் தென்காசி வரைக்கும் வந்திருப்பேன். உங்க மடியில இருக்கே அந்தப் பை, ஒரு பக்கம் சங்கத்துப் பேரு, இன்னொரு பக்கம் ஜவுளிக்கடை விளம்பரம், அதைப் பாத்ததும்தான் மனசு கேக்கலை. மாநாட்டுப் பைதானே அது? பேசப் போறீங்களா, கேக்கப் போறீங்களா? பேசவா! சரி. பதிவுக் கட்டணம்னு உங்ககிட்ட வாங்கினாங்களா? வாங்கிட்டாங்களா! பாத்தீங்களா! பேச வாங்கன்னு கூப்பிட்டதும் அவங்க, பேசுததுக்குக் காசு வாங்கினதும் அவங்க. மாப்பிள்ளைகிட்டயே மொய் கேட்ட மாதிரில்லா இருக்கு!

இந்த டிபன் டப்பாவா? சாப்பாடு இல்லை சார். கொஞ்சம் சாயாம பிடிச்சுக்கிடணும், உள்ள தண்ணி இருக்கு. அதையும் சொல்லுதேன். கழுகுமலையே இன்னும் வரலை, நேரம் கிடக்கு.

என் பேரு தங்கப்பழம். கோவில்பட்டியில ஜெராக்ஸ் கடை மாடியில பல் லேப் வச்சிருக்கேன். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில அளவு எடுத்து அனுப்புவாரு, நான் பல் செட்டு செஞ்சு அனுப்புவேன். நீங்க பொக்கை வாயோட உள்ள போய் இருபத்தெட்டு பல்லோட வெளிய வருவீங்க. செட்டுல இருபத்தெட்டுதான் சார், ஞானப்பல் வைக்க மாட்டோம். வெளிய வந்ததும் டாக்டரைக் கும்பிடுவீங்க. அந்தப் பல்லைச் செஞ்சவன் ஒருத்தன் எங்கயோ மாடியில மெழுகை உருக்கிக்கிட்டு உக்காந்திருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. குத்தமாச் சொல்லலை. இருபத்தாறு வருஷம், நாலாயிரம் வாய் செஞ்சிருக்கேன். போன வருஷம் வரைக்கும் ஒரு மூஞ்சியை நேருல பாத்ததில்லை. யாரும் என் மூஞ்சியையும் பாத்ததில்லை.

அதனால எனக்கு ஒரே ஒரு ஆசை சார். மைக்கைப் பிடிச்சு நான் கண்டுபிடிச்சதைச் சொல்லணும், எதுத்தாப்புல நாலு பேரு உக்காந்து கேக்கணும். வீடு கட்டணும், காரு வாங்கணும்னு மத்தவன் ஆசைப்படுதான். நான் இதுக்கு ஆசைப்பட்டேன்.

என்ன கண்டுபிடிச்சேன்னு கேளுங்க. கோணல்! பல் செட்டுன்னா எல்லாரும் என்ன செய்வான்? சீப்பு மாதிரி நேரா அடுக்கி வச்சிருவான். மாட்டிக்கிட்டு வந்தா வீட்டுல பேரப்பிள்ளை பயந்து அழும். ஏன்? அது தாத்தா மூஞ்சியே இல்லை. கடவுள் யாருக்கு சார் சீப்பு மாதிரி பல்லு குடுத்திருக்காரு? நான் என்ன செய்வேன்னா, டாக்டர்கிட்ட சொல்லி அந்த ஆளோட பழைய போட்டோ ஒண்ணு கேட்டு வாங்குவேன். லென்ஸை வச்சுப் பாப்பேன். எந்தப் பல்லு எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சோ, அதே பல்லை அதே மாதிரி சாய்ச்சு வைப்பேன். பழைய மூஞ்சி அப்படியே திரும்பி வந்துரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரலை. நானா கண்டது.

இதைச் சொல்லத்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால மதுரைக்குப் போனேன். தென்மாவட்டப் பல் லேப் வச்சிருக்கவங்களுக்கு ஒரு சங்கம் இருக்கு, எண்பத்தேழு பேரு. வருஷா வருஷம் மாநாடு நடக்கும். பேச்சாளர்னு நோட்டீஸ்ல என் பேரைப் போட்டிருந்தாங்க. புதுச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல போய் நிக்கேன், மேசைக்குப் பின்னால செயலாளர் கோயில்பிள்ளை. பாளையங்கோட்டைக்காரரு. மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு, "கட்டணம்?"ங்காரு. "அண்ணாச்சி, நான் பேச்சாளர்லா"ங்கேன். "பேசுதவருக்கும் வயிறு இருக்குல்லா தங்கப்பழம்? மத்தியானம் சாப்பிடுவேருல்லா? பை வாங்குவேருல்லா?"ங்காரு. பின்னால வரிசையில நிக்கவன்லாம் சிரிக்கான்.

கட்டினேன். வேற என்ன செய்ய? கட்டிட்டு உள்ள போனா, பத்து நிமிஷம்னு சொன்ன பேச்சை நாலு நிமிஷமாக்கிட்டாங்க. கோணல்ங்கிற வார்த்தைக்கே இன்னும் வரலை, மணியை அடிச்சிட்டாரு. இந்த வருஷமும் அந்த மணிச் சத்தம் ஒரு தடவை கனவுல வந்துச்சு சார்.

அதே மாநாட்டுல சாயங்காலம் பொதுக்குழு. அங்க பாத்தா, கட்டணமே கட்டாம பின்வாசல் வழியா வந்தவன்லாம் கையைத் தூக்கி ஓட்டுப் போடுதான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! எழுந்திருச்சேன். "காசு கட்டுன நானும் கட்டாத அவனும் ஒண்ணா? அந்தந்த மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணம் கட்டி ரசீது வாங்குனவங்களுக்கு மட்டும்தான் பொதுக்குழுவுல ஓட்டு. விதியில எழுதுங்க, இல்லைன்னா நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்"னு நின்னேன். கோயில்பிள்ளையே ஆடிப் போயிட்டாரு. எழுதிட்டாங்க. அது நான் கொண்டு வந்த விதி சார். ஞாபகத்துல வச்சுக்கிடுங்க.

அதுலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் தீர்மானம் கொண்டு போவேன். பேச்சாளருக்குக் கட்டணம் கூடாது. ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்விதான் கேப்பேன்: "பஸ்ஸை ஓட்டுத டிரைவர் டிக்கெட் எடுக்கானா?" அவ்வளவுதான். இதுக்கு ஒருத்தனும் பதில் சொன்னதில்லை. பதில் இல்லைல்லா? கோயில்பிள்ளை மட்டும் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "பாப்போம், பாப்போம்"பாரு. அஞ்சு வருஷம் பாத்தாரு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தீர்மானம் ஜெயிச்சிட்டு! எல்லாக் கையும் மேல. ஒரு கை கீழ இல்லை. என்னைத் தோள்ல தூக்காத குறை. "தங்கப்பழம் அண்ணன் நமக்காகப் போராடுனாரு"ன்னு ஆளாளுக்கு வந்து கையைக் குலுக்குதான். ஏன் இத்தனை பேருக்கு இவ்வளவு சந்தோசம்னு அப்ப நான் யோசிக்கலை. நியாயத்துக்கு மதிப்பு இருக்குன்னு நினைச்சேன்.

இது கழுகுமலை. இறங்குத ஆளுங்க இறங்கட்டும்... ம், எடுத்துட்டான்.

போன வருஷ மாநாடு குற்றாலம். சீசன் நேரம், நல்ல சாரல். பதிவு ஆரம்பிச்ச நாலாம் நாள் கோயில்பிள்ளை போன் பண்ணுதாரு. "தங்கப்பழம், பேச்சாளர் எத்தனை பேரு தெரியுமா?" "பத்துப் பேரு இருப்பானா?"ங்கேன். "எண்பத்து மூணு"ங்காரு. அதுக்கு மேல தலைவர் தலைமையுரை, செயலாளர் அறிக்கை, பொருளாளர் வரவேற்புரை. எண்பத்தாறு. நான் நிறைவுரை. எண்பத்தேழு. சங்கத்துல மொத்தம் எத்தனை பேருன்னு சொன்னேன்? அதேதான்.

கேக்க ஆளில்லை சார்! ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரும் பேச்சாளர். தலைப்பைப் பாக்கணுமே. "பல்லும் நானும்". "என் பார்வையில் பல்". "பல் அன்றும் இன்றும்". விளாத்திகுளத்துக்காரன் ஒருத்தன், சிமெண்டு மாதிரி நாங்க கலக்குவோம் ஒரு பவுடர், அந்த டப்பாவுல ஒட்டியிருக்க காகிதத்தை அப்படியே வாசிக்கப் போறேன்னு எழுதிக் குடுத்திருக்கான். தலைப்பு, "டப்பா சொல்லும் உண்மைகள்".

அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? சிலபேரு இப்ப என்னைக் குறை சொல்லுதான். நான் பேச்சாளருக்குக் கட்டணம் வேண்டாம்னு சொன்னேன். எல்லாரையும் பேசச் சொன்னேனா?

இதுல கோயில்பிள்ளை ஒரு வேலை பாத்தாரு. வருமானம் இல்லைல்லா, பொன்னாடைக்குப் பதிலா ஆளுக்கொரு துண்டுன்னு முடிவு பண்ணிட்டாரு. பேசி முடிச்சதும் மேடையில வச்சே தோள்ல போடுதது. நீங்களே சொல்லுங்க சார், குற்றாலத்துல, சீசன்ல, சாரல் அடிக்கையில, ஒருத்தன் தோள்ல புதுத் துண்டைப் போட்டா அவன் எங்க போவான்? உள்ளயா வந்து உக்காருவான்? மேடையை விட்டு இறங்குவான், நேரா மெயின் அருவி. பேசப் போறவன் வராந்தாவுல நடந்துக்கிட்டே மனப்பாடம். பேசி முடிச்சவன் அருவிக்கு அடியில. மண்டபத்துக்குள்ள இருநூறு நாற்காலி, மைக் செட்டுக்காரன், பேசுதவன். அவ்வளவுதான்.

இல்லை, இன்னொருத்தர் இருந்தாரு. அவரு மட்டும் இல்லைன்னா நான் இன்னைக்கு இந்த பஸ்ல வரலை.

முத நாள் காலையில ஒரு பெரியவர் வந்தாராம். எழுபது வயசு இருக்கும். காக்கிப் பேண்ட், வெள்ளைச் சட்டை, வாயில பல்லு இல்லை. வாசல் பேனரைப் படிச்சுப் பாத்துட்டு கோயில்பிள்ளைகிட்ட கேட்டாராம், "இது பல்லு செட்டு செய்யுதவங்க மாநாடா? டாக்டருங்க மாநாடு இல்லையே?" "செய்யுதவங்கதான்." "எத்தனை பேரு வந்திருக்காங்க?" "எண்பத்தேழு." "அப்ப எனக்கு ஒரு சீட்டு போடும்." கோயில்பிள்ளை சொல்லியிருக்காரு, "பெரியவரே, ரெண்டு வார்த்தை பேசுதேன்னு எழுதிக் குடுத்திட்டா இலவசம்." பெரியவருக்குக் கோவம் வந்துட்டாம். "முப்பத்தோரு வருஷம் கண்டக்டரா இருந்தவன்வே நான். சீட்டு இல்லாம ஒருத்தனை உக்கார விட்டதில்லை. நான் உக்காருவனா? ரசீதைப் போடும்." ரசீது நம்பர் ஒண்ணு. அதுக்குப் பிறகு ரெண்டு போடலை.

பேரு கோமதிநாயகம். தென்காசிக்காரரு. ரெண்டு நாளும் முன்வரிசை நடு நாற்காலி. எழுந்திருச்சுப் போகலை, தூங்கலை. பேசுதவன் அத்தனை பேரும் அவரு ஒருத்தரைப் பாத்துத்தான் பேசுதான். "அவையோர்களே"ன்னு அவரைக் கும்பிடுதான். கை தட்ட வேண்டிய இடத்துல நிறுத்தி அவரைப் பாக்கான். அவரும் தட்டுதாரு, பாவம். மத்தியானம் ஆளாளுக்கு அவரு இலையில அப்பளத்தைக் கொண்டு வச்சு, "என் பேச்சு எப்படி அண்ணாச்சி?"ன்னு கேக்கான். அவரு எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டாராம், "உமக்கு எந்த ஊரு? தென்காசி டாக்டருக்குப் பல்லு செஞ்சு குடுக்கியளா?" இல்லைன்னா அடுத்த ஆளு. எதுக்குக் கேக்காருன்னு ஒருத்தனுக்கும் தெரியலை. என்கிட்ட மட்டும் கேக்கலை. நான்தான் ரெண்டு நாளும் மாடி அறையில உக்காந்து என் பேச்சைப் பழகிக்கிட்டு இருந்தேனே. யாரு பேச்சையும் கேக்கலை. கேட்டு என்ன ஆகப் போகுது?

ரெண்டாம் நாள் சாயங்காலம் நாலு மணி. நிறைவுரை. இருபது நிமிஷம், மணி கிடையாது. போராடுனவனுக்குக் குடுத்த மரியாதை. மேடை ஏறிப் பாத்தா, எதுத்தாப்புல ஒரே ஒரு மனுசன். வருத்தமா இருந்துச்சான்னு கேட்டீங்கன்னா, இருந்துச்சு. ஆனா அந்த ஒரு ஆளு உக்காந்திருந்த விதம் இருக்கே, கையைக் கட்டிக்கிட்டு, கண்ணை எடுக்காம. சரி, இவருக்காகப் பேசுவோம்னு ஆரம்பிச்சேன்.

நல்லாப் பேசினேன் சார். நானே சொல்லக்கூடாது. சீப்பு கதை சொன்னேன், அழுத பேரப்பிள்ளை கதை சொன்னேன். மைக் செட்டுக்காரன் பீடியைக் காதுல சொருகிட்டு நின்னு கேக்கான். கடைசியா திரையில படம் போட்டுக் காட்டுதேன். நான் செஞ்சதுலயே என் மனசுக்குப் புடிச்ச செட்டு. ஒரு அடையாள அட்டைப் போட்டோ, முன்பல்லுல இடது பக்கத்துப் பல்லு பக்கத்துப் பல்லு மேல ஏறி, எட்டிப் பாக்கது மாதிரி சாஞ்சிருக்கும். ஆளு யாருன்னு தெரியக்கூடாதுன்னு கண்ணு மேல கறுப்புப் பட்டை போட்டிருந்தேன். அதெல்லாம் நான் சரியாச் செய்வேன். பக்கத்துல என் செட்டு. ரெண்டும் ஒண்ணுபோல. "இந்த மனுசன் இப்ப எங்க இருந்தாலும், இந்தப் பல்லைச் செஞ்சவனை வாழ்த்திக்கிட்டுத்தான் இருப்பாரு"ன்னேன்.

பெரியவர் எழுந்திருச்சாரு.

சட்டைப் பையில கையை விட்டு, கைக்குட்டையில சுத்தி வச்சிருந்த ஒண்ணை வெளிய எடுத்தாரு. மேடைக்கு வந்தாரு. மைக்குக்குக் கீழ அதை வச்சாரு. என் செட்டு சார்! நான் செஞ்சதை எனக்குத் தெரியாதா? "இது நீரு செஞ்சதா?"ன்னு கேட்டாரு.

இருபத்தாறு வருஷத்துல முத தடவை, என் பல்லைப் போட்ட மனுசன் என்னைத் தேடி வந்து நிக்காரு. "நான்தான் அண்ணாச்சி! நான்தான் செஞ்சேன்! எப்படி இருக்கு?"ன்னு மைக்குலயே கேட்டேன். மண்டபம் பூரா கேட்டுச்சு. அருவிக்கே கேட்டிருக்கும்.

அவரு அந்தப் பல்லைத் தொட்டுக் காட்டினாரு. "இவனை வச்சவனைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்"ன்னாரு. "பள்ளிக்கூடத்துல கோணப்பல்லு. வேலையில கோணப்பல் கண்டக்டர். டிப்போவுல என் பேரு எவனுக்கும் தெரியாதுவே, கோணப்பல்லுன்னாத்தான் தெரியும். பொண்ணு பாக்கப் போன இடத்துல, ஊமையான்னு கேட்டாங்க. நான் வாயே தொறக்கலை. என் கல்யாண போட்டோவுலயும் வாய் மூடித்தான் இருக்கும், அடையாள அட்டைக்கு மட்டும் அந்தப் போட்டோக்காரன் சிரிப்பு மூட்டிட்டான். வயசாகிப் பல்லு விழ ஆரம்பிச்சப்ப மத்தவன்லாம் வருத்தப்படுவான், நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். எல்லாம் விழுந்து கடைசியா ஒத்தையா நின்னது இவன்தான். இவனும் விழுந்த அன்னைக்கு வீட்டுல பாயசம் வைக்கச் சொன்னேன்வே. புதுசா செட்டு வாங்கி, மாட்டிக்கிட்டு, கண்ணாடியைப் பாக்கேன். திரும்பி வந்து உக்காந்திருக்கான்! பஸ் ஸ்டாண்டுல பழைய டிரைவர் ஒருத்தன், 'என்ன கோணப்பல்லு, இந்த வயசுல பல்லு முளைச்சிட்டா?'ன்னு கேக்கான். டாக்டர்கிட்ட போனா, செஞ்சது லேப்காரன், நான் என்ன செய்யங்காரு. எந்த லேப்னு சொல்ல மாட்டேங்காரு. அதான் தேடி வந்தேன். எண்பத்தாறு பேச்சு கேட்டேன்வே உம்மைக் கண்டுபிடிக்க."

மெழுகுல வச்சு ஒரு தடவை ஆளுக்கு மாட்டிக் காட்டுவாங்க சார், புடிக்கலைன்னா அப்பவே மாத்திரலாம். அன்னைக்கு டாக்டர் வீட்டுல விசேஷம், நேரா முடிச்சு அனுப்புங்கன்னுட்டாரு. அதையெல்லாம் சொன்னேன். அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கேட்டு முடிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "போட்டோவுல என் பல்லைப் பாத்தீரே, நான் சிரிக்க ஆசைப்படுதேனான்னு யார்கிட்டயாவது கேட்டீரா?"

கேக்கலை. நாலாயிரம் வாய்ல ஒரு வாய்கிட்டயும் கேக்கலை. அந்த மேடையில, சார், எனக்கு அழுகை வந்துட்டு. மைக் செட்டுக்காரன் என்ன நினைச்சானோ, துண்டைக் கொண்டாந்து என் தோள்ல போட்டுட்டான்.

அஞ்சரைக்குப் பொதுக்குழு. எல்லாரும் ஈரத் தலையோட, கண்ணு செவந்து வந்து உக்காந்துட்டான், அதுக்குப் பிறகுதான் கேசரியும் காபியும். கோயில்பிள்ளை எழுந்திருச்சு, பேச்சாளர் கட்டணச் சலுகையை ரத்து செய்யணும்னு தீர்மானம் வாசிச்சாரு. "வேண்டாம்! வேண்டாம்!"னு எண்பத்தஞ்சு தொண்டை. நான் தைரியமா இருந்தேன். கோயில்பிள்ளை மூக்குக் கண்ணாடியை இறக்கினாரு. "ஓட்டு. விதிப்படி, இந்த மாநாட்டுக்குக் கட்டணம் கட்டி ரசீது வாங்குனவங்க மட்டும் கை தூக்கலாம்"னாரு.

தூக்குன கையெல்லாம் மெல்ல இறங்குது. ரசீது யாருகிட்ட இருக்கு? ஒரே ஒரு ஆளுகிட்ட. அவரு சங்கத்து ஆளே இல்லைன்னு ஒருத்தன் கத்துனான். விதியில உறுப்பினர்னு எழுதலையே, பதிவுக் கட்டணம் கட்டுனவங்கன்னுதானே இருக்குங்காரு கோயில்பிள்ளை. எழுத வச்சது யாருன்னு எல்லாரும் திரும்பி என்னைப் பாக்கான்.

நான் விடலை. நேரா கண்டக்டர் அண்ணாச்சிகிட்டயே போய் நின்னேன். "அண்ணாச்சி, நீங்க பஸ்ல இருந்தவரு. நியாயத்தைச் சொல்லுங்க. டிரைவர் டிக்கெட் எடுக்கானா?" அஞ்சு வருஷமா ஒருத்தனும் பதில் சொல்லாத கேள்வி சார்.

"எடுக்க வேண்டாம்"னாரு. "எடுக்கக்கூடாது. அதுதான் நியாயம்." நான் திரும்பி எல்லாரையும் பாத்தேன். கை தட்டுதான். அவரு கையைக் காட்டி நிறுத்தினாரு. "ஆனா இந்த பஸ்ல எண்பத்தேழு டிரைவர் இருக்கான், ஏறுன பாசஞ்சர் நான் ஒருத்தன். டிக்கெட் எடுத்தவனும் நான் ஒருத்தன். ரெண்டு நாளா ஆளாளுக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சீங்க, ஒருத்தன் ஓட்டுதப்ப இன்னொருத்தன் பின்னால உக்காந்து பாத்தீங்களா? எனக்குத் தலை சுத்துதுவே. பேசணும்னு வாரவன் டிக்கெட் எடுக்கட்டும். கேக்கவனைச் சும்மா ஏத்துங்க"ன்னு சொல்லிட்டுக் கையைத் தூக்கிட்டாரு.

ஆதரவு ஒண்ணு, எதிர்ப்பு பூஜ்யம். ஒருமனதாக நிறைவேறியதுன்னு கோயில்பிள்ளை குறிப்புப் புத்தகத்துல எழுதுனாரு. இன்னும் அந்தப் பக்கத்தைப் போன்ல எனக்கு அனுப்பிக்கிட்டு இருக்காரு, பொங்கலுக்கு ஒரு தடவை, சித்திரை விசுவுக்கு ஒரு தடவை.

இப்பவும் சொல்லுதேன், பேசுதவன்கிட்ட காசு வாங்குதது தப்புதான். நான் மாறலை. உங்ககிட்ட வாங்குனதும் தப்புதான். சண்டை போடுங்க. ஆனா விதி கிதின்னு எதையும் எழுதச் சொல்லாதீங்க.

சங்கரன்கோவில் தாண்டி எவ்வளவு நேரமாச்சு? பேச்சுல கவனிக்கவே இல்லை பாருங்க. சாரல் காத்து வருது, தென்காசி பக்கம் வந்துட்டோம்.

இந்த வருஷ மாநாடு அடுத்த மாசம், அதே குற்றாலம். என்ன ஆயிட்டு தெரியுமா? கேக்க வாரவங்களுக்கு இலவசம்லா, எண்பத்தாறு பேரும் கேக்க வாரோம்னு பதிஞ்சிட்டான். கேக்கவங்களுக்குத் துண்டு உண்டான்னு இப்பவே விசாரிக்கான். பேச ஒருத்தனும் பேரு குடுக்கலை. ஒருத்தன் மட்டும் குடுத்திருக்கான், முழுக் கட்டணமும் கட்டி. யாருன்னு கேக்கீங்களா? ரெண்டு நாளும் நான்தான் சார்! காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் அஞ்சு வரைக்கும், மணி அடிக்க ஆளு கிடையாது. கோயில்பிள்ளையே அருவிக்குப் போயிருவாரு.

யாரு கேப்பான்னுதானே பாக்கீங்க? கண்டக்டர் அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். "இந்த வருஷம் உங்களுக்கு இலவசம், வந்துருங்க"ன்னேன். "சும்மா ஏறுனா நடுவுல இறங்கத் தோணும்வே, என் ரசீதை எடுத்து வைக்கச் சொல்லும்"னாரு. முன்வரிசை, நடு நாற்காலி. ஆனா ஒரு நிபந்தனை போட்டுட்டாரு. இந்தத் தடவை வாயில பல்லோட உக்காருவாராம். ஜோக்கு சொன்னா கையை வச்சு மறைக்காம சிரிப்பாராம்.

அதுதான் இந்த டப்பா.

மறுபடி அளவு எடுத்த அன்னைக்கு டாக்டர் பக்கத்துல நானும் நின்னேன். அப்பத்தான் அவரை நல்லாப் பாத்தேன். மெழுகுல வச்சு மூணு தடவை மாட்டிக் காட்டினேன். மூணு தடவையும் "புடிச்சிருக்கா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். அந்தக் கேள்வி என் வாயில வரவே கஷ்டப்பட்டுச்சு, பழக்கம் இல்லைல்லா. மூணாவது தடவை கண்ணாடியை ரொம்ப நேரம் பாத்தாரு. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாரு. அந்த அம்மா, "இந்த மூஞ்சியோட வந்திருந்தா எங்க அப்பா அன்னைக்கே சரின்னுருப்பாரு"ன்னுச்சு. அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே சார். அப்படி ஒரு சிரிப்பை நான் செஞ்சிருக்கேன்னு எனக்கே தெரியாது.

பாருங்க, இப்படி வெளிச்சத்துல. கையைத் தண்ணியில விட்டுராதீங்க. மேல் வரிசை எப்படி? சீப்பு மாதிரி! நான் சீப்பு மாதிரி செஞ்ச முத செட்டு இதுதான். அவரு கேட்டாரு, செஞ்சிட்டேன். புடிச்சிருக்கான்னு கேட்டு, கேட்டு, கேட்டுச் செஞ்சது.

பழைய பஸ் ஸ்டாண்டு வந்துட்டு, நான் இறங்கணும். டாக்டர் வீட்டு வாசல்ல அவரு இப்பவே வந்து நிப்பாரு.

சார், உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். கோவில்பட்டியிலேர்ந்து ஒரு வார்த்தை குறுக்க பேசாம கேட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. கீழ் வரிசையில, வலது பக்கம், உதடு மறைக்கும்லா அந்த இடத்துல, மூணாவது பல்லைப் பாருங்க. அதை அவருகிட்ட கேக்கலை. ஒரு மயிரிழைதான் சாய்ச்சிருக்கேன். ஒருத்தருக்கும் தெரியாது.